கோப்பி, தே தாரிக்: பள்ளியில் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்கப் போகும் பெற்றோருக்கு

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை முடிகிற நேரத்தில் அந்தச் செய்தி வரும். பெற்றோர் ஆதரவுக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்பார்: "இன நல்லிணக்க நாளுக்கு இந்தியக் கலாசாரம் பற்றி யாராவது ஏதாவது செய்ய முடியுமா?" அந்தக் குழுவில் தமிழ்ப் பெயர் உங்களுடையது மட்டும்தான் என்றால் கேள்வி உங்களுக்குத்தான். சின்ன வயதில் நான்கு வருடம் பரதம் கற்றிருப்பீர்கள். இல்லையென்றால் கோயில் பஜனையில் ஜால்ரா போட்டிருப்பீர்கள். சரி என்று சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க யூடியூப் பார்ப்பீர்கள்.

நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். முதல் வருடம் பள்ளி மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்க, மேடையில் பட்டும் சலங்கையுமாக ஆறு நிமிடம் ஆடினேன். நன்றாகக் கை தட்டினார்கள். இறங்கி வரும்போது தொடக்கநிலை 3 படிக்கும் பையன் ஒருவன் வரிசையை விட்டு வந்து, "ஆன்டி, அந்த மணியெல்லாம் கனமா இருக்குமா?" என்றான். அவிழ்த்து அவன் கையில் கொடுக்க நேரமில்லை. ஆசிரியர் வரிசையை நகர்த்திவிட்டார். முந்நூறு பேரில் அவன் ஒருவனுக்குத்தான் கேள்வி வந்தது, அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

மேடை நிகழ்ச்சிக்கு வழி சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்லப்போவது ஒரு வகுப்பு, ஒரு மணி நேரம், பிள்ளைகளின் கையும் காலும் நேரே படுகிற வேலை.

முதலில் அந்த நாள் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருப்பவர்கள் பலர் ஜூலை 21ஐ மாறுவேடப் போட்டி நாள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் பள்ளி வாசலில் நின்று பார்த்தால் மலாய்க்காரரின் பாஜு கூரோங், சீனரின் சியோங்சாம், நம் பட்டுப்பாவாடை என்று அப்படித்தான் தெரியும். 1964ஆம் ஆண்டு அதே தேதியில், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இனக் கலவரம் மூண்டது. அதை மறக்கக்கூடாது என்றுதான் 1997 முதல் பள்ளிகளில் இந்த நாளை அனுசரிக்கிறார்கள். உடை அணிந்து படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அன்று வகுப்புக்குள் நுழையும்போது, ஒரு காலத்தில் அண்டை வீட்டாரே ஒருவரைக் கண்டு ஒருவர் அஞ்சிய ஊர் இது என்ற நினைப்பு உங்களுக்கு இருந்தால் போதும், வேலை வேறு மாதிரி நடக்கும்.

பாட்டையும் ஆட்டத்தையும் வைத்து இங்கே ஆட்களைச் சேர்த்து உட்காரவைக்கும் பழக்கம் பள்ளிகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1959இல் சுயாட்சி வந்த கையோடு கலாசார அமைச்சு 'அனெக்கா ராகம் ராக்யாட்' என்று மக்களுக்காகத் திறந்தவெளிக் கலைநிகழ்ச்சிகளை நடத்தியது. முதல் நிகழ்ச்சி தாவரவியல் தோட்டத்தில். மலாய், சீன, இந்திய நிகழ்ச்சிகள் ஒரே மேடையில் வந்தன. அதற்கு முந்தைய ஆண்டே, கேரளத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய சாந்தா பாஸ்கர், சீனர்களின் வண்ணத்துப்பூச்சிக் காதலர் கதையைப் பரதநாட்டியமாக அமைத்திருந்தார். பின்னாளில், 1990இல், கலாசாரப் பதக்கம் பெற்றவர். இன்று நாம் 'கலப்பு' என்று புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலப் பேசுவதை அவர் அறுபது வருடத்துக்கு முன்பே, கலப்பு என்ற பெயரெல்லாம் வைக்காமல், செய்துவிட்டார்.

ஆசிரியரிடம் பேச வேண்டியவை

மண்டபம் வேண்டாம், வகுப்பறை அல்லது நடன அறை வேண்டும் என்று கேளுங்கள். இது முதல் கோரிக்கை. "எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் காட்டிவிட்டால் வசதி" என்பார்கள். நீங்கள் அசையக்கூடாது. ஒரு வகுப்பு கிடைத்தாலும் போதும். ஜூலையில் இடமில்லை என்றால் ஆண்டிறுதித் தேர்வுக்குப் பிந்தைய வாரங்களைக் கேளுங்கள். அப்போது ஆசிரியர்களே பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. நாற்பது பேர் வகுப்பில் இந்தியப் பிள்ளைகள் மூன்றோ நான்கோதான் இருப்பார்கள். இந்த எண்ணிக்கையை நான் ஏன் சொல்கிறேன் என்றால், புதிதாகப் போகிறவர்கள் செய்கிற மிகப் பெரிய தப்பு இங்கேதான் நடக்கிறது. "இங்கே யார் இந்தியர்? முன்னால் வாம்மா, நீ செய்து காட்டு" என்று ஒரு பிள்ளையை இழுத்து நிறுத்திவிடுகிறோம். அந்தப் பிள்ளை பஞ்சாபியாக இருக்கலாம். வீட்டில் மலையாளம் பேசலாம். தமிழ்ப் பிள்ளையே ஆனாலும் பரதத்தைப் பார்த்ததே இல்லாமல், டேக்குவாண்டோ போகிற பிள்ளையாக இருக்கலாம். ஒன்பது வயதில் ஓர் இனத்துக்கே பேச்சாளராக நிற்பது பெரிய சுமை. அவர்கள் தானாகக் கை தூக்கினால் வாய்ப்புக் கொடுங்கள். இல்லையென்றால் மற்ற முப்பத்தாறு பேரைப் போல அவர்களும் தப்புத் தப்பாகத் தட்டிச் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, உங்களோடு சேர்ந்து செய்ய ஒரு மலாய் ஆசிரியரோ சீன ஆசிரியரோ கிடைப்பாரா என்று கேளுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாக மலாய் நடனமோ சீன நடனமோ 'டிக்கிர் பாராட்' என்ற மலாய்க் குழுப்பாட்டோ ஏதாவது ஒன்று இருக்கும். அதற்குப் பொறுப்பான 'சிகு'வையோ (மலாய் ஆசிரியர்) 'லாவ்ஷி'யையோ (சீன ஆசிரியர்) ஒரு கோப்பி குடிக்கக் கூப்பிடுங்கள். இருபது நிமிடப் பேச்சு போதும். நீங்கள் இருவரும் வகுப்பில் ஒருவரிடம் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்பதே பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம்.

சம்பளத்துக்கு வரும் வெளிப் பயிற்றுநர்களுக்குக் கல்வி அமைச்சின் பதிவு முறை உண்டு. தொழில்முறைக் கலைஞர்களை அழைக்கத் தேசியக் கலைகள் மன்றத்தின் கலைக் கல்வித் திட்டம் இருக்கிறது, அதற்குப் பள்ளிகளுக்கு மானியமும் கிடைக்கிறது. அது ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. தொண்டூழியராகப் போகும் நீங்கள், பள்ளி கொடுக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் சரி.

'இந்தியக் கலாசாரம்' வேண்டாம், ஒரு தாளம் போதும்

ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் வருடத்தைச் சொல்ல ஆசைப்படாதீர்கள். படவில்லை போட்டு, நடராஜரில் தொடங்கி நாட்டுப்புறக் கலை வரை ஓட்டினால், பிள்ளைகள் கண் திறந்தபடி தூங்குவார்கள். நான் பல வருடமாகக் கொண்டுபோவது, தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு ஒன்றைத்தான். கருவி வேண்டாம், உடை வேண்டாம், வாயும் கையும் போதும்.

இப்படித் தொடங்குங்கள். "உங்கள் கேண்டீனில் என்னவெல்லாம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். பெயர்கள் வந்து கொட்டும். அதிலிருந்து தாளத்தை எடுங்கள்.

'கோப்பி' இரண்டு அசை. அது 'தக'.
'தே தாரிக்', அந்த நுரைத்த பால் தேநீர், மூன்று. அது 'தகிட'.
'நாசி லெமாக்', அந்தத் தேங்காய்ப்பால் சோறு, நான்கு. அது 'தகதிமி'.

இந்த மூன்றையும் எல்லாரும் தட்டிச் சொல்லப் பழகியதும் சேர்க்கத் தொடங்குங்கள். 'கோப்பி, தே தாரிக்' என்றால் ஐந்து, 'தக தகிட', நம் தாளக் கணக்கில் கண்டம். 'தே தாரிக், நாசி லெமாக்' என்றால் ஏழு, 'தகிட தகதிமி', மிஸ்ரம். 'நாசி லெமாக், கோப்பி, தே தாரிக்' என்றால் ஒன்பது, சங்கீர்ணம். தனித்தனியாகச் சொன்ன மூன்றையும் நான்கையும் சேர்த்தால், ஒரு காலை உணவில் ஐந்து தாள ஜாதியும் முடிந்துவிட்டது. ஐந்தில் எல்லாரும் தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் காதில் விழுகிற பாட்டெல்லாம் நான்கில்தான் ஓடுகிறது. அந்தத் தடுமாற்றத்தை அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் ஒரே இடத்தில் தப்பு விட்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நீங்கள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதன்முதலில் மூன்று அசைக்கு நான் வைத்தது 'பாக் சோர் மீ'. சொல்லும்போது நல்ல துள்ளல் இருக்கும். அது பன்றி இறைச்சி போட்ட மீ, அதாவது நூடுல்ஸ். மலாய்ப் பிள்ளை ஒருத்தி வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தட்டுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் முகம் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளே தே தாரிக்குக்கு மாறிவிட்டேன்.

இன்னொரு கையின் தட்டு

அடுத்த பதினைந்து நிமிடம் மலாய்ப் பக்கம் போங்கள். சனி ஞாயிறுகளில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம் நடக்கும்போது மாப்பிள்ளை வரும் வேளையில் கொட்டு முழங்குமே, அதுதான் கொம்பாங். இடக்கையில் பிடித்து வலக்கையால் தட்டுகிற, ஆட்டுத்தோல் போர்த்திய ஒருமுகப் பறை. அந்தச் சத்தத்தைக் கேட்காத சிங்கப்பூர்ப் பிள்ளை கிடையாது. ஆனால் அதில் ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்புகிறார் என்பது பலருக்குத் தெரியாது. தனியாளாக வாசித்தால் அந்தத் தாளம் பாதிதான் வரும்.

வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். எட்டு வரை எண்ணச் சொல்லுங்கள். முதல் அணி 1, 3, 4, 7இல் தட்ட வேண்டும். இரண்டாவது அணி 2, 5, 6, 8இல். முதலில் ஒவ்வோர் அணியும் தனியாகச் செய்யட்டும், ஓட்டை ஓட்டையாகக் கேட்கும். பிறகு இரண்டையும் சேருங்கள். எட்டும் நிரம்பி ஓடும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். இது கொம்பாங்கின் உண்மையான தட்டு இல்லை, அதன் பின்னல் எப்படி வேலை செய்கிறது என்று கைக்குக் காட்டும் பயிற்சி. இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். உண்மையான தட்டு வேண்டுமென்றால் வாசிக்கத் தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். நாம் அடுத்தவர் கலையை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு ஆசான் வேடம் போடக்கூடாது.

சிகு உங்களோடு வந்திருந்தால் இதைவிட நல்லது டிக்கிர் பாராட். கிளந்தான் பக்கத்துக் கலை. இங்கே பள்ளிகளில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. 'அவோக்-அவோக்' என்னும் குழுவினர் சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்து, உடம்பையும் கையையும் ஒரே மாதிரி அசைத்துக் கை தட்டிப் பின்பாட்டுப் பாடுவார்கள். 'துகாங் காருட்' என்பவர் அந்த இடத்திலேயே வரிகளைக் கட்டி வீசுவார், குழு திருப்பிப் பாடும். நமக்கு இது புதிதா? வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி எடுத்துவிட, குடத்துக்காரரும் மற்றவர்களும் "ஆமா!" போட்டு வாங்கிப் பாடுவதைக் கேட்டவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அதைச் சிகுவிடம் சொல்லுங்கள். அவருக்கும் புதுச் செய்தியாக இருக்கும்.

பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, கேண்டீனைப் பற்றி எந்த மொழியிலாவது இரண்டு வரி கட்டச் சொல்லுங்கள். ஒரு தமிழ்க் குழு இப்படிக் கட்டலாம்:

மணியடிச்சா ஓடுறோம், வரிசை ரொம்ப நீளம்
அணியணியா நிக்கிறோம், ஆறிப்போச்சு சாதம்

பெரிய கவிதை இல்லைதான். ஆனால் இதை வைத்து ஒரு வேடிக்கை காட்டலாம். 'மணி', 'அணி' என்று நமக்கு எதுகை வரியின் தலையில் நிற்கிறது. மலாய் நாலடிப் பாட்டான பந்துனிலோ ஒலி வரியின் வாலில் போய்ப் பொருந்தும். முதலாம் அடி மூன்றாவதோடு, இரண்டாம் அடி நான்காவதோடு. முதல் இரண்டடியில் ஒரு காட்சி, அடுத்த இரண்டில் சொல்லவந்த சேதி. ஆற்றையும் மரத்தையும் முன்னால் நிறுத்திவிட்டு மனத்தில் இருப்பதைப் பின்னால் சொல்லும் வழக்கம் சங்கப் பாட்டு படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். உயர்நிலைப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம். தொடக்கநிலையில் தலையும் வாலும் மட்டும் போதும்.

ஒரு பூவைக் காட்டச் சொல்லுங்கள்

நடனத்துக்கு நான் கொடுக்கும் நேரம் குறைவு. முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் ஒரு நிமிடம் இருக்கச் சொல்லுவேன். தொடை வலிக்கிறது என்று அலறுவார்கள். "ஆடுகிறவர்கள் இப்படியே ஒரு மணி நேரம் ஆடுவார்கள்" என்றால் அதுவரை இருந்த கேலிச் சிரிப்பு அடங்கிவிடும்.

கேலி பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். கழுத்தைப் பக்கவாட்டில் அசைக்கும் அந்த அட்டமியை நீங்கள் செய்து காட்டிய மறு நொடி, யாராவது ஒருவன் தலையை ஆட்டி, இந்திய உச்சரிப்பு என்று தான் நினைப்பதைப் பேசிக் காட்டுவான். வகுப்பு சிரிக்கும். அந்த மூன்று இந்தியப் பிள்ளைகளும் சிரிப்பார்கள், வேறு வழியில்லாமல். இங்கே உபதேசம் செய்யாதீர்கள். கோபப்படவும் வேண்டாம். "நன்றாகச் செய்கிறாய், வா, சரியாகச் செய்வோம்" என்று அவனையே கூப்பிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பச் சொல்லி, தோள் அசையாமல், முகவாய் தாழாமல், கழுத்து மட்டும் இடமும் வலமும் போகச் சொல்லுங்கள். முடியாது. ஒருவராலும் முதல் தடவை முடியாது. எல்லாரையும் சுவரில் முதுகு சாய்த்து நின்று முயலச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் கேலி போய்ப் போட்டி வந்துவிடும். இதை நான் எட்டுப் பத்து வகுப்பில் பார்த்துவிட்டேன்.

பிறகு பூ. "கையால் ஒரு பூ செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். விதவிதமாக வரும். அதன்பின் பரதத்தின் அலபத்ம முத்திரையைக் காட்டுங்கள், ஐந்து விரலும் சுழன்று விரிந்த தாமரை. லாவ்ஷியைச் சீன நடனத்தின் ஆர்க்கிட் விரலைக் காட்டச் சொல்லுங்கள், கட்டைவிரல் நடுவிரல் பக்கம் சாய, மற்றவை மெல்ல நீளும். நம் தேசிய மலரும் ஆர்க்கிட்தான், 1981இல் தேர்ந்தெடுத்த வாண்டா மிஸ் ஜோக்கிம். பரதத்தில் ஆர்க்கிட்டுக்கு எந்த முத்திரை என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டது. திருதிருவென்று விழித்தேன். நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒன்று கண்டுபிடித்தோம், அது சாஸ்திரத்தில் இல்லை.

மலாய் ஜப்பினைக் காட்ட யாராவது இருந்தால், பிள்ளைகளைக் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஏமனின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து வந்த அரபு வணிகர்களோடு வந்து, மலாய் மண்ணில் தன் உருவத்தை எடுத்துக்கொண்ட ஆட்டம். கைகள் அடங்கியிருக்க, கால்தான் பேசும். 'மலாய்க் கலை', 'இந்தியக் கலை' என்று நாம் கட்டி வைத்திருக்கும் பெட்டிகளுக்குள்ளேயே எத்தனை கப்பல்கள் வந்து போயிருக்கின்றன என்று பிள்ளைகள் புரிந்துகொள்ள இந்த ஓர் உதாரணம் போதும்.

கறுப்புக் கட்டைகள்

உயர்நிலை வகுப்பு, இசையறையில் கீபோர்டு இருக்கிறது என்றால், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. பிள்ளைகளைக் கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடச் சொல்லுங்கள். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் முதல் கட்டையை ஸட்ஜமாக, அதாவது ஆதார சுரமாக, வைத்து மேலே ஏறினால் ஸ ரி க ப த. மோகன ராகம்! மத்திமமும் நிஷாதமும் கிடையாது. அதே ஐந்தைச் சீன இசையில் கோங், ஷாங், ஜுவே, ஜ்ர், யூ என்பார்கள். இரண்டும் ஒரே ஐந்து சுரம். கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கட்டையைத் தட்டினாலும் அபஸ்வரம் வராது என்பதால் கூச்சப்படும் பிள்ளையும் வந்து தட்டும்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு கூடுதல் இனிப்பு. ஸட்ஜத்தை ஒவ்வொரு கட்டையாக நகர்த்தினால் நமக்கு மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்று கிரகபேதத்தில் வருமே, சீனர்களும் அதே ஐந்து கட்டையில் ஒவ்வொன்றையும் ஆதாரமாக வைத்து ஐந்து முறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதை முதலில் ஒரு சீன இசைக்குழு ஆசிரியரோடு உட்கார்ந்து சரிபார்த்தபோது நாங்கள் இருவரும் பிள்ளைகளை மறந்துவிட்டு அரை மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் "பார்த்தீர்களா, எல்லாம் ஒன்றுதான்" என்று இங்கே முடித்துவிடாதீர்கள். பலர் இந்த இடத்தில் கண் கலங்கி நிறுத்திவிடுகிறார்கள். உடனே ஒரு மோகனத்தைக் கமகத்தோடு, சுரத்தை அசைத்து வளைத்து, பாடிக் காட்டுங்கள், அல்லது கைப்பேசியில் போடுங்கள். அடுத்து அதே ஐந்து சுரத்தில் ஒரு சீனப் புல்லாங்குழல். எங்கே வேறுபடுகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். "இது வளையுது, அது தாவுது" என்றாள் ஒரு பெண். நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்த விளக்கத்தைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

கவனம் வேண்டிய சில இடங்கள்

பரதத்தைத் தட்டிக் கும்பிட்டுத் தொடங்குவோம். பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது உங்களுக்கு மரியாதை, ஒரு முஸ்லிம் பிள்ளைக்கோ கிறிஸ்துவப் பிள்ளைக்கோ அது வழிபாடாகப் படலாம். நீங்கள் மட்டும் செய்யுங்கள், ஏன் செய்கிறீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள், அவர்களைச் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளை "எங்கள் வீட்டில் இசை கூடாது என்பார்கள்" என்று சொன்னால், தாளத்தை எண்ணிச் சொல்லும் வேலையோ, எழுதிக்கொள்ளும் வேலையோ கொடுங்கள். ஏன் என்று துருவ வேண்டாம்.

நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். தேதி குறிப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளையை மதியம் இரண்டு மணிக்கு அரைமண்டி போடச் சொல்வது கொடுமை.

உயர்நிலையில் ஆணும் பெண்ணும் கைகோக்கும் ஆட்டம் வேண்டாம். சிலருக்கு மார்க்கக் காரணம், மீதிப் பேருக்குப் பதின்மூன்று வயதுக் காரணம். கோலாட்டம் இதற்குத்தான் அருமை, குச்சியோடு குச்சிதான் தொடும். மரக்குச்சியை நாற்பது பேர் கையில் கொடுத்தால் யாருக்காவது நெற்றி வீங்கும். பழைய நாளிதழை இறுக்கிச் சுருட்டி ஒட்டுநாடா சுற்றினால் போதும். முதல் நாள் இரவு எண்பது குச்சி சுருட்ட வீட்டில் ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைத் தாண்டிப் போகக்கூடாது என்பது நம் வழக்கம். சீனர்களின் சிங்கத் தலைக்கும் அதுபோல மரியாதைகள் உண்டு, அதைத் தரையில் வைத்து விளையாடவிட மாட்டார்கள். யாருடைய கருவியைக் கொண்டுவந்தாலும், தொடுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று அந்த உரியவரையே சொல்லவிடுங்கள்.

இனிச் சின்னச் சின்ன விஷயம். காலுறையோடு வழவழப்பான தரையில் குதித்தால் வழுக்கும், கழற்றச் சொல்லுங்கள், காலணிகளை அடுக்க ஐந்து நிமிடம் போகும் என்று கணக்கில் வையுங்கள். பக்கத்து வகுப்பில் தேர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் என்று கொடுத்தால் கையில் நிற்பது நாற்பத்தைந்து நிமிடம். ஆகவே இங்கே எழுதியிருப்பதில் பாதியை மட்டும் எடுத்துப் போங்கள்.

முடிந்த பிறகு

"பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள். "பிடித்திருந்தது" என்று ஒரே குரலில் வரும், அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. "எது கஷ்டமாக இருந்தது?", "எதைப் பற்றி இன்னும் கேட்க வேண்டும் போல இருக்கிறது?" என்று கேளுங்கள். துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னால், கையைத் தூக்கிக் கேட்கத் தயங்கும் கேள்விகளும் வரும். "தைப்பூசத்தில் அலகு குத்தினால் வலிக்குமா", "சர்ச்சுக்குப் போகிற இந்தியர்களும் இருக்கிறார்களா". பதிலை அடுத்த வாரம் ஆசிரியர் வழியாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

வீட்டுவேலையாக ஒன்று கொடுக்கலாம்: வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம், சின்ன வயதில் பாடிய பாட்டு ஒன்றைக் கேட்டு வந்து சொல்ல வேண்டும். ஹொக்கியன், தியோசியு, பாவ்யானீஸ், ஜாவானீஸ் என்று பள்ளிப் பாடத்தில் இல்லாத மொழியெல்லாம் வகுப்புக்குள் வரும். ஒரு பையன், வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசிய அக்காவிடம் தாலாட்டுக் கேட்டு வந்து பாடினான். அவன் பாட்டி எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

பெற்றோர் மேலும் எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்டால், கேம்பல் லேனில் 2015 முதல் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தைச் சொல்லுங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் புலவார்டில் சிங்கப்பூர் சீனக் கலாசார நிலையம் இருக்கிறது. எஸ்பிளனேடில் சீனப் புத்தாண்டையொட்டி 'ஹுவாயி', மலாய்க் கலைக்கு 'பெஸ்தா ராயா', ஆண்டுக் கடைசியில் 'கலா உத்சவம்' என்று மூன்று விழாக்கள் நடக்கும், மூன்றிலும் இலவச நிகழ்ச்சிகள் இருக்கும். நம் ஆட்கள் கலா உத்சவத்துக்கு மட்டும் போவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

இப்போதெல்லாம் கடைசிப் பத்து நிமிடத்துக்குச் சலங்கையை எடுத்துச் சுற்றுக்கு விடுகிறேன். ஒவ்வொருவரும் கையில் வாங்கி, கனம் பார்த்து, மணியை எண்ணி, பக்கத்தில் கொடுக்க வேண்டும். எண்ணி முடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது, ஆளுக்கொரு எண் சொல்லிச் சண்டை போடுவார்கள். பாட மணி அடித்துவிடும், அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சலங்கையைப் பைக்குள் திணிக்காமல் மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போடுங்கள். நாற்பது பிள்ளைகளின் கைவியர்வை பட்ட தோல்பட்டை இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிடும்.